இன்றைய வாசகமும் காலை ஷிப்டும்

சென்னையிலோ திருச்சியிலோ ஒரு குருவானவர் விடியற்காலை 5 மணிக்கு அன்றைய நற்செய்திக்கு நாலு நிமிடச் சிந்தனை பேசி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது சிட்னியில் மணி 9.30. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கும் கோடை மாதங்களில் 10.30. வென்ட்வொர்த்வில் நிலையத்தில் ஆறு மணி ரயிலைப் பிடித்து வேலைக்குப் போகிறவர் காதில் விழுவது நேற்றைய சிந்தனைதான். இரவு ஷிப்ட் முடித்து முதியோர் இல்லத்திலிருந்து திரும்பும் நர்ஸுக்கு அது கண் சொக்கும் நேரம். சின்ன விஷயம் என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் ஆஸ்திரேலியத் தமிழ்க் கத்தோலிக்கர் நாள்தோறும் கேட்கும் விவிலியச் சிந்தனை எங்கே தயாராகிறது, யாரை மனதில் வைத்துத் தயாராகிறது என்று கேட்கத் தொடங்கினால், இந்த நேர வித்தியாசம் பல வித்தியாசங்களில் ஒன்றுதான் என்பது தெரிய வரும்.

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் தமிழ் பேசுவதாகச் சொன்ன ஆஸ்திரேலியர் 95,000-க்குச் சற்று அதிகம். கத்தோலிக்கர் என்று பதிந்தவர்கள் 50 லட்சத்தைத் தாண்டினார்கள். நாட்டில் ஐந்தில் ஒருவர். இரண்டு கணக்கிலும் இடம்பெறும் சிறு கூட்டத்தைப் பற்றியதே இந்தக் கட்டுரை. 1983 கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணம், மன்னார், கொழும்பிலிருந்து வந்தவர்களும், பின்னால் கணினி வேலைக்கும் மருத்துவப் பணிக்கும் படிப்புக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் இதில் உண்டு. சிட்னியின் மேற்கே டூங்காபி, பெண்டில் ஹில், வெஸ்ட்மீட். மெல்பேர்னின் தென்கிழக்கே கிளேட்டன், டாண்டினோங். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் பங்கில் ஆங்கிலத் திருப்பலி, எப்போதாவது தமிழ்ப் பூசை. மற்ற ஆறு நாளும் கைபேசிதான் கோயில்.

அந்தக் கைபேசியில் கிடைப்பதற்குப் பஞ்சமில்லை. வத்திக்கான் வானொலியின் தமிழ்ப் பிரிவு, மாதா தொலைக்காட்சி, மறைமாவட்டக் குருக்களின் யூடியூப் உரைகள், தியான இல்லங்களின் ஒலிப்பதிவுகள் என்று வந்துகொண்டே இருக்கின்றன. ஆங்கிலம் பழகியவர்களுக்கு அயர்லாந்து இயேசு சபையினர் 1999-இல் இணையத்தில் தொடங்கிய 'சேக்ரட் ஸ்பேஸ்' உண்டு. பிரிட்டன் இயேசு சபையினர் 2006 தவக்காலத்தில் தொடங்கிய 'ப்ரே ஆஸ் யூ கோ' ஒலிச் செபமும் உண்டு. அது வேலைக்குப் போகும் வழியில் கேட்பதற்கென்றே செய்தது. இவ்வளவு இருந்தும் ஏதோ குறைகிறது என்பதே என் கட்சி. குறை அளவில் இல்லை. பேசுகிறவர் வேறு ஊரில் இருக்கிறார், கேட்கிறவர் வாய் திறப்பதே இல்லை என்பதில் இருக்கிறது.

முதலில் அன்றைய வாசகம் என்பது எப்படி அமைகிறது என்று பார்த்துவிடலாம். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் தேதி வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, விவிலியத்தின் செல்வங்களை மக்களுக்குத் தாராளமாகத் திறந்துவிட வேண்டும் என்று கேட்டது. அதன்படி 1969-இல் புதிய வாசக ஒழுங்கு வந்தது. ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்று: மத்தேயு, மாற்கு, லூக்கா என்று ஆண்டுக்கு ஒருவர். பொதுக்காலத்தின் கிழமை நாட்களில் முதல் வாசகத்துக்கு இரண்டு ஆண்டுச் சுற்று; ஒற்றைப்படை ஆண்டுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று. நற்செய்தி மட்டும் ஆண்டுதோறும் அதே வரிசையில் திரும்பி வரும். எனவே ஒரே நாளில் மயிலாப்பூரிலும் மன்னாரிலும் மெல்பேர்னிலும் பெரும்பாலும் ஒரே பகுதிதான் வாசிக்கப்படுகிறது. தொலைவில் இருக்கும் அம்மாவும் இங்கிருக்கும் மகளும் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்திருப்பதில் உள்ள ஆறுதலை நான் லேசாகச் சொல்ல மாட்டேன்.

ஆனால் நாள் தவறாமல் வாசகத்தைக் கேட்கிறவர் இரண்டு ஆண்டில் முழு விவிலியத்தையும் முடித்துவிடுகிறார் என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே உலவுகிறது. அது சரியல்ல. வாசக ஒழுங்கை எண்ணிப் பார்த்தவர்களின் கணக்கு இது: ஞாயிறும் கிழமை நாட்களும் சேர்ந்து, திருப்பாடல்கள் நீங்கலாகப் பழைய ஏற்பாட்டில் சுமார் 13.5 சதவீதமும் புதிய ஏற்பாட்டில் சுமார் 71.5 சதவீதமும் மட்டுமே வருகின்றன. 1969-க்கு முன்னால் பழைய ஏற்பாட்டில் 1 சதவீதம்தான் வந்தது என்பதோடு ஒப்பிட்டால் இது பெரிய தாராளம். என்றாலும் எது விடுபட்டது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். 2025 ஜூலை 14, திங்கட்கிழமை, பொதுக்காலம் 15-ஆம் வாரம். முதல் வாசகம் விடுதலைப் பயண நூலின் முதல் அதிகாரம். யோசேப்பை அறியாத புதிய மன்னன் எகிப்தில் எழும்புகிறான். இஸ்ரயேலரின் பெருக்கத்தைக் கண்டு அஞ்சி அவர்களைச் செங்கல் வேலையில் வாட்டுகிறான். இது 8 முதல் 14 வரையான வசனங்கள். அடுத்து வாசகம் நேராக 22-ஆம் வசனத்துக்குத் தாவுகிறது: ஆண் குழந்தைகளை நைல் நதியில் எறியச் சொல்லும் கட்டளை. இடையில் விடுபட்ட ஏழு வசனங்களில்தான் சிப்ரா, பூவா என்ற இரண்டு மருத்துவச்சிகள் வருகிறார்கள். பிரசவத்தின்போதே ஆண் சிசுக்களைக் கொன்றுவிடுமாறு பார்வோன் இவர்களிடம்தான் முதலில் சொல்கிறான். அவர்கள் செய்யவில்லை. கேட்டபோது, எபிரேயப் பெண்கள் நாங்கள் போய்ச் சேருவதற்குள் பெற்றுவிடுகிறார்கள் என்று பதில் சொல்லித் தப்பிக்கிறார்கள். பார்வோனின் பெயரைக்கூடக் குறிக்காத நூல், இந்த இரண்டு பெண்களின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறது.

மேற்கு சிட்னியின் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் வேலை செய்யும் கத்தோலிக்க நர்ஸுகள் எத்தனை பேர்! அவர்களின் தொழிலைப் பற்றி, தொழிலுக்குள் எழும் மனசாட்சிச் சிக்கலைப் பற்றி விவிலியம் நேருக்கு நேர் பேசும் இடம் இது. மேலிடத்து உத்தரவு வருகிறது, அது தவறு என்று தெரிகிறது, வேலையையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், என்ன செய்வது? அந்த ஏழு வசனமும் வாசக நூலில் இல்லை. அதனால் அன்றைய சிந்தனையிலும் வருவதில்லை. வாசகப் பட்டியலை மட்டும் பார்த்துப் பேசுகிறவருக்கு அது தோன்றாமல் போவதில் வியப்பில்லை. தன் வீட்டுத் திருவிவிலியத்தை விரித்து முழு அதிகாரத்தையும் படிக்கும் நர்ஸ் ஒருவருக்குத் தோன்றாமல் போகாது. இரட்டைப்படை ஆண்டில் இந்த வாசகம் கிடையாது; இனி 2027 ஜூலை 12-ஆம் தேதிதான்.

இன்னொரு வாசகம், மத்தேயு 20-ஆம் அதிகாரம். திராட்சைத் தோட்டத்துக்கு விடியலில் வந்தவனுக்கும் மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி. பொதுக்காலம் 20-ஆம் வாரம் புதன்கிழமை இது ஆண்டு தவறாமல் வரும். பெரும்பாலும் ஆகஸ்ட் நடுவில். ஊரிலிருந்து வரும் சிந்தனைகளில் இதற்கு இரண்டு விளக்கம் நிச்சயம்: கடவுளின் தாராளம், நம்முடைய பொறாமை. இரண்டும் சரிதான். ஆனால் டாண்டினோங்கில் இதைக் கேட்கும் மாணவன் கதையை வேறு முனையிலிருந்து பிடிப்பான். ஐந்து மணி வரை சந்தையில் நின்றவர்கள் ஏன் நின்றார்கள்? யாரும் கூப்பிடவில்லை. அவனும் ஏஜென்சியிடமிருந்து ஷிப்ட் குறுஞ்செய்தி வரும் என்று காத்திருக்கிறவன். கார் வைத்திருக்கிறவனுக்கும் நிரந்தர விசாக்காரனுக்கும் முதலில் அழைப்பு போகும் என்று அவனுக்குத் தெரியும். 2023 ஜூலை முதல், படிப்பு நடக்கும் காலத்தில் மாணவர் விசாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். கடைசியாக வந்தவனுக்கும் அன்றைய சோற்றுக்கு வேண்டிய முழுக் கூலி என்ற செய்தி, அவனுக்கு அருளைப் பற்றிய போதனை ஆவதற்கு முன் வாடகையைப் பற்றிய சேதி. இப்படி வாசிப்பதால் நற்செய்தி குறுகிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். எனக்கு அந்த அச்சம் இல்லை. இயேசு அந்தக் கதையைக் கூலியாட்களைப் பற்றித்தான் சொன்னார்.

காலண்டரே சில நாட்களில் ஊரோடு ஒத்துப்போவதில்லை. ஏப்ரல் 25 உலகத் திருச்சபைக்குப் புனித மாற்கு விழா. ஆஸ்திரேலியாவில் அது ஆன்சாக் நாள். 1915-இல் கலிப்பொலியில் இறங்கிய படைகளை நாடு நினைக்கும் நாள். அதனால் இங்கே மாற்கு ஒரு நாள் தள்ளி 26-க்குப் போகிறார். மே 24 சகாய அன்னை. ஆஸ்திரேலியாவின் பாதுகாவலி அவர். ஆகஸ்ட் 8 ஊரில் புனித சாமிநாதர் நினைவு. இங்கே புனித மேரி மெக்கிலப்பின் பெருவிழா. அன்றைக்குச் சென்னைக் குரல் சாமிநாதரையும் செபமாலையையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, பக்கத்துப் பங்கின் பள்ளிப் பிள்ளைகள் மெக்கிலப்பின் படத்தை ஏந்தி ஊர்வலம் போகிறார்கள்.

அந்த மெக்கிலப் நம் ஆட்கள் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டியவர். 1842-இல் மெல்பேர்னின் ஃபிட்ஸ்ராயில் ஸ்காட்லாந்துக் குடியேறிகளுக்குப் பிறந்தவர். 1866-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் பெனோலாவில் அருட்தந்தை டெனிசன் வுட்ஸோடு சேர்ந்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அவருடைய துறவறச் சபை தொடங்கி ஐந்தே ஆண்டில், 1871-இல், அடிலெய்ட் ஆயர் அவரைத் திருச்சபையிலிருந்தே விலக்கினார். அடுத்த ஆண்டு மரணப் படுக்கையில் அந்தத் தண்டனையை நீக்கினார். மெக்கிலப் 1909-இல் வடக்கு சிட்னியில் இறந்தார், கல்லறையும் அங்கேதான். 2010 அக்டோபர் 17-இல் புனிதரானார். விசுவாசத்தை வாழ்ந்து காட்டுவது என்ற தலைப்பில் பொதுவான நாலு வார்த்தை பேசுவதைவிட, மேலிடம் தவறு செய்யும்போது கசப்பில்லாமல், ஆனால் கொண்டதை விடாமல் நின்ற இந்தப் பெண்ணைப் பற்றி ஒரு நாள் பேசினால் போதும்.

பருவங்களும் தலைகீழ். இருளில் நடந்த மக்கள் ஒளியைக் கண்டதாகச் சொல்லும் எசாயா வாசகம் கிறிஸ்துமஸ் நள்ளிரவில் வரும். மெல்பேர்னில் அன்று பொழுது சாயவே எட்டரை மணிக்கு மேல் ஆகும். உயிர்ப்பு விழா இலையுதிர் காலத்தில். இதற்காக இங்குள்ள ஐரோப்பிய வழிவந்தவர்கள் கொஞ்சம் சங்கடப்படுவதுண்டு. தமிழர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் மார்கழி மழையில் பனிப்பஞ்சை ஒட்டிக் குடில் கட்டியவர்கள்தானே நாம். வாசகத்தின் பருவம் வேறு, வாசலின் பருவம் வேறு என்று நானூறு ஆண்டாகச் சமாளித்துப் பழகியிருக்கிறோம்.

அந்த நானூறு ஆண்டுக் கதையில்தான் இந்தக் கேள்விக்கு எனக்குப் பிடித்தமான விடை இருக்கிறது. இயேசு சபைக் குரு ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்க'த்தை அச்சிட்டார். எட்டு ஆண்டு கழித்து, 1586-இல், திருநாள்களையும் புனிதர்களையும் ஒட்டிய 'ஃப்ளோஸ் சாங்க்தோரும்' என்ற பெரிய தமிழ் நூலைக் கொண்டுவந்தார். நாளுக்கு ஏற்ற வாசிப்பு என்பது முத்துக்குளித்துறைக்கு அவ்வளவு பழையது. கத்தோலிக்கர் விவிலியத்தையே நேராகப் படிப்பது வேறு கதை. அது வெகுகாலம் ஊக்குவிக்கப்படவில்லை. சீர்திருத்தச் சபை மறைப்பணியாளர் சீகன்பால்கு தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டது 1715-இல். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் வந்தது 1995-இல். இடைப்பட்ட காலத்தில் கத்தோலிக்க வீடுகளுக்கு விவிலியம் வந்து சேர்ந்தது பெரும்பாலும் கதையாக, பாட்டாக, கூத்தாக, பிரசங்கமாக.

இலங்கையில் இது இன்னும் கூர்மை. 1658-இல் டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள். கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் என்ற குரு மாறுவேடத்தில் வந்து சேர்ந்தது 1687-இல். இடையில் ஏறத்தாழ முப்பது ஆண்டு குரு இல்லாத விசுவாசம். வாஸ் வந்த பிறகும் விரல்விட்டு எண்ணத்தக்க குருக்களே தீவு முழுவதையும் சுற்ற வேண்டியிருந்தது. எனவே ஊருக்கு ஊர் மூப்பர், அண்ணாவியார் என்று பொதுநிலையினரை வைத்தார்கள். பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தது, ஞாயிற்றுக்கிழமை மக்களைக் கூட்டியது, சாகக் கிடந்தவர் பக்கத்தில் செபம் சொன்னது எல்லாம் அவர்கள். 1705-இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் இவர்களுக்கு வேண்டிய எழுத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் தந்தார். விவிலியக் கதைகளைச் சொல்லும் 'தேவ அருள் வேத புராணம்', நற்செய்திகளை விளக்கும் 'சுவிசேஷ விரித்துரை', தவக்காலத்தில் இன்றைக்கும் யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஒலிக்கும் 'வியாகுலப் பிரசங்கம்' எல்லாம் அவர் கைவண்ணம். கவனிக்க வேண்டியது இது: எழுதியவர் குரு; ஆனால் ஊரில் நின்று வாசித்தவரும் பாடியவரும் அயல் வீட்டு மனிதர். யார் வீட்டில் சாவு, யார் வலையில் மீன் படவில்லை என்று அவருக்குத் தெரியும்.

ஆஸ்திரேலியத் திருச்சபைக்கும் இப்படி ஒரு தொடக்கம் உண்டு. 1803-இல் கைதிக் குருவான ஜேம்ஸ் டிக்ஸன் சிட்னியில் பொதுத் திருப்பலி வைக்க அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே அது பறிக்கப்பட்டது. 1817-இல் அனுமதிச் சீட்டு இல்லாமல் வந்து இறங்கிய ஜெரமையா ஓ'ஃப்ளின் என்ற ஐரிஷ் குருவை அரசு 1818-இல் நாடு கடத்தியது. அவர் விட்டுச்சென்ற நற்கருணையை ஒரு வீட்டில் வைத்து, 1820-இல் தெரி, கோனொலி என்ற இருவர் அதிகாரபூர்வக் குருக்களாக வந்து சேரும் வரை, அங்கே கூடி மக்களாகவே செபம் சொன்னார்கள் என்பது சிட்னிக் கத்தோலிக்கர் போற்றிச் சொல்லும் வரலாறு. விசா இல்லாமல் வந்து திருப்பி அனுப்பப்பட்ட ஒரு குருவும் சமையற்கட்டுகளில் செபம் சொன்ன ஏழைக் குடியேறிகளும் நம்மவருக்கு அந்நியமா என்ன?

இனி இன்றைக்கு வருவோம். அன்றாடச் சிந்தனை கைபேசிக்குள் முழுசாகக் குடியேறியது கொரோனாவின்போது. மெல்பேர்ன் ஆறு தடவை அடைபட்டு மொத்தம் 262 நாள் வீட்டுக்குள் இருந்தது. 2020 மார்ச் 9 முதல் மே 17 வரை திருத்தந்தை பிரான்சிஸ் சாந்தா மார்த்தா சிற்றாலயத்தில் காலை 7 மணிக்கு வைத்த திருப்பலி நேரலையில் வந்தது. ஏப்ரலில் அது மெல்பேர்னில் பிற்பகல் 3 மணி. வேலை நின்றுபோனவர்கள் சோபாவில் உட்கார்ந்து திருத்தந்தையின் கிழமை நாள் மறையுரையைக் கேட்டார்கள். அதுவரை பெரும்பாலும் சுருக்கமாகவும் துணுக்குகளாகவுமே கிடைத்தது. அதே மாதங்களில் ஒவ்வொரு பங்கும் குழுவும் ஒலிப்பதிவு அனுப்பத் தொடங்கியது. கதவு திறந்த பிறகும் பழக்கம் நிலைத்தது. அது தனிமையில் பலரைத் தாங்கிப் பிடித்தது உண்மை. சேர்ந்து செபிக்கும் வழக்கத்தை அது கொஞ்சம் அரித்ததும் உண்மை.

இந்த ஒலிப்பதிவுகளை வகைப்படுத்தினால் பல கிளைகள் தெரியும். எல்லாவற்றுக்கும் சம மதிப்பெண் போட எனக்கு மனமில்லை. நல்ல குருக்களின் மறையுரைச் சுருக்கங்கள் உறுதியானவை, பின்னணி சொல்பவை. பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பங்கு மக்களை எதிரில் கண்டு பேசுபவை. நீதிக்கதை ஒன்றில் தொடங்கி அறிவுரையில் முடிபவை எண்ணிக்கையில் அதிகம். கழுகு, பென்சில், பானை என்று கதைகள் சுற்றிச் சுற்றி வருவதில் வாசகமே மறந்துபோகும். பெந்தகோஸ்து மேடைகளிலிருந்து கத்தோலிக்கக் குழுக்களுக்கும் ஏறிவந்த வாக்குத்தத்த வசன மரபு இன்னொன்று: இன்று உனக்கு ஆசீர்வாதம், பி.ஆர். என்னும் நிரந்தர விசா கிடைக்கும், வீடு அமையும். இது எனக்குப் பிடிக்காது, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். விசா மறுக்கப்பட்டவர் அடுத்த நாள் என்ன கேட்பார்? இஞ்ஞாசியார் வழி, வாசகக் காட்சிக்குள் நம்மை நிறுத்திப் பார்க்கச் சொல்லும் தியானம். தமிழில் அது குறைவாகவே கிடைக்கிறது; கிடைத்தால் ரயிலில் முக்கால் மணி நேரம் போகிறவருக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை.

12-ஆம் நூற்றாண்டுக் கார்த்தூசிய மடத்துத் தலைவர் இரண்டாம் கிகோ வகுத்த நாலு படி இன்றைக்கும் திருச்சபை பரிந்துரைப்பது: வாசித்தல், அசைபோடல், வேண்டல், உற்று நிற்றல். ஒலிப்பதிவு இவற்றில் முதல் இரண்டையும் நமக்குப் பதிலாகச் செய்துவிடுகிறது. மற்ற இரண்டுக்கும் அதற்கு அவகாசம் இல்லை. அடுத்த பதிவு ஓடத் தொடங்கிவிடும். ஆஸ்திரேலியப் பூர்வகுடி மூத்தவரும் கத்தோலிக்கக் கல்வியாளருமான மிரியம்-ரோஸ் உங்குன்மர்-பாவ்மன், வடக்குப் பிரதேசத்து டேலி ஆற்றங்கரைத் தம் மக்களிடம் உள்ள ஆழ்ந்து கேட்டலையும் அமைதியான காத்திருப்பையும் பற்றி 1988-இல் எழுதினார். 'டடிரி' என்று இன்று நாடெங்கும் அறியப்படும் அந்தப் பழக்கத்தை இங்குள்ள பல பங்குகளும் பள்ளிகளும் செபத்தில் எடுத்துக்கொண்டன. அவர் 2021-இல் ஆண்டின் மூத்த ஆஸ்திரேலியர் விருதும் பெற்றார். நம் குழுக்களில் இவர் பெயர் அடிபடுவதே இல்லை. குடியேறிய நாட்டின் மூத்த குடிகளிடம் செபிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்பது நமக்கு உறைக்க இன்னும் காலம் ஆகும் போலிருக்கிறது.

இனி விசுவாசத்தை வாழ்ந்து காட்டுவது பற்றி. 1854 மார்ச் 5-இல் மெல்பேர்ன் லான்ஸ்டேல் தெருப் புனித பிரான்சிஸ் ஆலயத்தில் தொடங்கிய வின்சென்ட் தெ பவுல் சபையை இன்று நாடு முழுதும் 'வின்னீஸ்' என்று அறியும். முதல் குளிருக்கு அங்கே கம்பளிச் சட்டை வாங்காத தமிழ் மாணவர் குறைவு. காரித்தாஸ் ஆஸ்திரேலியாவின் தவக்கால உண்டியல் பெட்டி கத்தோலிக்கப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் சாப்பாட்டு மேசை மேல் இருக்கும். இவை கைவசம் உள்ள வழிகள். கடினமானவற்றில்தான் நம் சிந்தனைகள் வாய் மூடிக்கொள்கின்றன. 2018 மார்ச்சில் குவீன்ஸ்லாந்தின் பிலோயிலாவில் ஒரு தமிழ் அகதிக் குடும்பத்தை விடியற்காலை வீடு புகுந்து தடுப்புக்குக் கொண்டுபோனார்கள். மெல்பேர்ன், பின்பு கிறிஸ்துமஸ் தீவு என்று நாலு ஆண்டு அலைந்து 2022 ஜூனில்தான் அவர்கள் ஊர் திரும்பினார்கள். அவர்களுக்காக முதலில் கிளம்பியது அந்த மாட்டுப்பண்ணை ஊரின் மக்கள். அந்நியனாய் இருந்தேன், ஏற்றுக்கொண்டீர்களா என்று கேட்கும் மத்தேயு 25 இடையில் எத்தனையோ தடவை வந்து போனது. ஊரிலிருந்து வரும் ஒலிப்பதிவு இதைப் பேசாததற்கு அதில் பேசுகிறவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்த நாம் பேசினோமா என்பதே கேள்வி.

இன்னொரு மௌனமும் உண்டு. சிறார்மீதான பாலியல் கொடுமைகளை விசாரித்த அரச ஆணையம் 2017 டிசம்பரில் அறிக்கை தந்தது. கத்தோலிக்க நிறுவனங்கள் அதில் நிறையவே வந்தன. 2016-இல் ஞாயிறு திருப்பலிக்கு வந்தவர்கள் கத்தோலிக்கரில் ஏறத்தாழ 12 சதவீதம். கூட வேலை செய்யும் ஆஸ்திரேலியர் நம் கழுத்துச் சிலுவையைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதைப் பற்றியதாகவே இருக்கும். சிறியவருக்கு இடறலாய் இருப்பவன் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டுவது நலம் என்ற இயேசுவின் வார்த்தை வாசகத்தில் வரும் நாளில்கூட, தமிழ்ச் சிந்தனை கெட்ட சகவாசத்தைப் பற்றியும் தொலைக்காட்சியைப் பற்றியும் பேசிவிட்டு நகர்கிறது. இங்கே வளரும் பிள்ளைகள் இதைக் கவனிக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் புரியாமல் போவது ஒரு பிரச்சினைதான். புரிந்த பிறகு தங்கள் உலகம் அதில் இல்லை என்று காண்பது அதைவிடப் பெரிய பிரச்சினை.

இந்த மௌனங்களைக் கலைக்கக் குருதான் வேண்டும் என்பதில்லை. புனித தேவசகாயத்தை 2022 மே 15-இல் புனிதராக்கியபோது இங்கும் பெருமிதம் பொங்கியது. அவர் எப்படி விசுவாசத்துக்கு வந்தார் என்பதை மட்டும் நாம் அவசரமாகக் கடந்துவிடுகிறோம். அப்போது நீலகண்டன் என்ற பெயரில் திருவிதாங்கூர் அரசவையில் பணியாற்றிய அவர், ஆடுமாடும் விளைச்சலும் நாசமாகி மனம் ஒடிந்திருந்த நேரத்தில், யோபுவின் கதையை அவருக்குச் சொன்னவர் தெ லனாய். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்குப் பயிற்சி தந்த டச்சுத் தளபதி. ஞானஸ்நானம் வடக்கன்குளத்தில் 1745-இல் இயேசு சபைக் குரு ஒருவர் கையால் நடந்தது. ஆனால் விவிலியத்தை எடுத்து அவர் துயரத்தோடு பொருத்திக் காட்டியது உடன் வேலை பார்த்த ஒரு அந்நியன், ஒரு பொதுநிலையினன், சொந்த நாடு திரும்பாத போர்க்கைதி.

திருச்சபைச் சட்டம் 767 திருப்பலியில் மறையுரையைக் குருவுக்கும் திருத்தொண்டருக்கும் மட்டும் ஒதுக்குகிறது. அதற்கு முந்திய 766, தேவைப்படும் சூழலில் பொதுநிலையினர் கோயிலில்கூடப் பேசலாம் என்கிறது. வீட்டில் கூடிச் செபிக்கும்போது பேசுவதற்கோ தடையே கிடையாது. டூங்காபியில் ஐந்து குடும்பம் வெள்ளிக்கிழமை செபமாலைக்குக் கூடுகிறது என்றால் அங்கேயே தொடங்கலாம். அன்றைய நற்செய்தியைத் தமிழில் ஒருவர், ஆங்கிலத்தில் ஒரு பிள்ளை வாசிக்கட்டும். கொஞ்ச நேரம் யாரும் பேச வேண்டாம். பிறகு நர்ஸ் ஒருவரோ ஊபர் ஓட்டுகிறவரோ அந்த வாரம் வேலையில் நடந்ததை வைத்து அந்தப் பகுதியைச் சொல்லட்டும். தவறாகச் சொல்லிவிட்டால்? பங்குத்தந்தையிடம் கேட்டுக்கொள்ளலாம், மூப்பர்களும் அப்படித்தான் செய்தார்கள். அதைப் பதிவு செய்து குழுவில் போட்டால் மறுநாள் ஆறு மணி ரயிலுக்கு முன்பே வந்திருக்கும். நேரம் நீளுமோ என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. 2024-இல் திருத்தந்தை பிரான்சிஸ் மறையுரைக்கே எட்டு நிமிடத்துக்கு மேல் கொடுக்கவில்லை.